மைனஸ் இரண்டு முதல் மூன்று வரை

சிஷ்யருக்கு ஐம்பத்துமூன்று வயது. குருவுக்கு முப்பத்தாறு. சிஷ்யர் குருவை மேடம் என்பார், குரு சிஷ்யரை சார் என்பார். யார் யாருக்குப் பணிந்து பேசுகிறார்கள் என்று வெளியாளுக்குப் பிடிபடாது.

சங்கரபாண்டியன் திருநெல்வேலிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் கணக்கு வாத்தியார். இந்த வயதில் டாக்டர் பட்டத்துக்குப் பதிந்துகொண்டு, திங்கள், புதன், வெள்ளி என்று ஹமீதா மேடத்தின் ஆய்வுக்கூடத்துக்கு வந்துபோனார். எண்ணைப் போட்டுக் கணக்குச் செய்யாமல், எழுத்தும் குறியுமாகவே கணக்குச் செய்யும் மென்பொருள் ஒன்றை அங்கே உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு சின்னப் பகுதி இவருடையது. இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை என்று ஓர் இடைவெளியையும் கூடவே ஒரு விதியையும் கொடுத்தால், அந்த விதி அந்த இடைவெளியை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று அது சொல்ல வேண்டும். ஒன்று முதல் ஐந்து வரை, இரட்டிப்பாக்கு என்றால், இரண்டு முதல் பத்து வரை. ஒரு வருஷ உழைப்பு.

மனுஷர் யாரையும் நம்பமாட்டார். பிரிண்டரில் காகிதம் சிக்கினால்கூட யாரோ வேண்டுமென்றே செய்தது என்பார். எல்லோர் நிரலும் ஆய்வுக்கூடத்தின் பொதுக் கணினியில்தான் இருக்கும், யாரும் திறக்கலாம்; இவர் மட்டும் தன் நிரலின் நகலைப் பென் டிரைவில் ஏற்றி வீட்டு பீரோவில் பூட்டி வைப்பார். வெளியே கொண்டுவரும்போது சட்டைப் பைக்கு ஊக்குப் போட்டுக்கொள்வார்.

ஒரு சனிக்கிழமை காலையில், கையில் ஒரு கவரோடு மேடத்தின் முன்னால் வந்து நின்றார்.

"உட்காருங்க சார்."

"நிக்கேன் மேடம். இதுல உங்க கையெழுத்து வேணும்."

டீனுக்கு எழுதிய கடிதம். பக்கத்து மேஜை ஜெபசெல்வி தன் நிரலைத் திருடிவிட்டாள் என்று எழுதியிருந்தது. வழிகாட்டியின் கையெழுத்தோடு அது மேலே போனால் விசாரணை வரும், அந்தப் பெண்ணின் ஆய்வு அன்றோடு நிற்கும். சங்கரபாண்டியனுக்கு அது தெரியும். தெரிந்துதான் எழுதினார்.

"எப்படிச் சொல்றீங்க?"

கவருக்குள்ளிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து மேஜையில் வைத்தார். "இது திங்கக்கிழமை காலைல எடுத்தது. கடைசியாத் திருத்தினவர்ங்கிற இடத்துல என் பேரு. இது நேத்து சாயங்காலம் எடுத்தது. அதே இடத்துல அவ பேரு. பதினோரு வரி மாறியிருக்கு, எண்ணிட்டேன். நேத்து நான் உள்ள வாரேன், அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டு வெளிய போறா. இதுக்கு மேல என்ன வேணும்?"

ஹமீதா கடிதத்தை முழுசாகப் படித்தார். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. மேடமும் அவளோடு சேர்ந்தவர்தானோ என்று சங்கரபாண்டியன் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பென் டிரைவ் இருக்கா சார்?"

அவர் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார். "எதுக்கு?"

"உங்க திங்கக்கிழமை நிரலை ஓட்டிப் பார்க்கத்தான். நீங்களே ஓட்டுங்க. நான் தொடலை."

ஊக்கைக் கழற்றிப் பென் டிரைவை எடுத்துச் செருகினார். உடம்பால் கொஞ்சம் மறைத்துக்கொண்டும் நின்றார்.

"மைனஸ் இரண்டு முதல் மூணு வரை கொடுங்க. விதி, வர்க்கம்."

கொடுத்தார். நான்கு முதல் ஒன்பது வரை என்று விடை வந்தது.

"சரிதான மேடம். மைனஸ் இரண்டோட வர்க்கம் நாலு. மூணோட வர்க்கம் ஒம்பது."

"ஒண்ணு?"

"எந்த ஒண்ணு?"

"மைனஸ் இரண்டுக்கும் மூணுக்கும் நடுவில ஒண்ணுன்னு ஒரு எண் இருக்குல்ல. அதோட வர்க்கம் என்ன?"

"ஒண்ணு."

"உங்க விடையில அது இருக்கா?"

நான்கு முதல் ஒன்பது வரை. இல்லை. பூஜ்யமும் இல்லை. முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு வர்க்கம் சொல்லிக்கொடுத்தவர், இரண்டு முனைகளை மட்டும் நகர்த்திவிட்டு, நடுவில் இருப்பதெல்லாம் தானாகக் கூட வந்துவிடும் என்று எழுதி வைத்திருக்கிறார். இரட்டிப்பாக்கியபோது வந்தது. கூட்டியபோதும் வந்தது. வர்க்கம் என்றதும் அது நடுவில் பூஜ்யம் வரை இறங்கிவிட்டுத் திரும்ப ஏறியிருக்கிறது. இந்த லட்சணத்துக்கு பீரோவில் பூட்டு வேறு.

ஹமீதா வெள்ளிக்கிழமைக் காகிதத்தை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

அந்தப் பதினோரு வரிகளை அவர் எண்ணினாரே தவிர, படிக்கவில்லை. இப்போது படித்தார். விதி எந்த இடத்தில் திரும்புகிறது என்று முதலில் கண்டுபிடி. அந்த இடத்தில் இடைவெளியை இரண்டாக வெட்டு. இரண்டையும் தனித்தனியே நகர்த்திப் பிறகு சேர். இதில் மைனஸ் இரண்டு முதல் மூன்று வரை கொடுத்தால் பூஜ்யம் முதல் ஒன்பது வரை என்று வரும். ஓட்டிப் பார்க்கவே வேண்டாம், வாத்தியாருக்குத் தெரியாதா. முதல் வரியில், நிரலை எழுதியவர் என்ற இடத்தில், இவர் பெயர் அப்படியே இருந்தது.

"திங்களுக்கும் வெள்ளிக்கும் நடுவில ஏதாவது நடந்துச்சா சார்?"

"ஒண்ணும் நடக்கல." வாய் முந்திக்கொண்டு சொல்லிவிட்டது. அப்புறம்தான் நினைவு வந்தது.

புதன்கிழமை மத்தியானம். ஜெபசெல்வி நோட்டும் கையுமாக மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "சார், உங்க நிரல்ல ஒரு சின்ன சந்தேகம்" என்றாள். இவர் திரையை அணைத்தார். எழுதிக்கொண்டிருந்த காகிதத்தைக் குப்புறக் கவிழ்த்தார். "சாப்பிடப் போறேன்" என்று எழுந்துவிட்டார். கழுவிக் கவிழ்த்த டிபன் பாக்ஸ் ஜன்னலோரத்தில் காய்ந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "சரி சார்" என்று போனாள்.

இப்போது அந்த "சரி சார்" காதில் கேட்டது. வெட்கமாக இருந்தது. மேடம் சொல்லாமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"புதன்கிழமை எங்கிட்ட வந்தா மேடம். நான்தான் பேசவிடல."

ஹமீதா பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"அதையும் இந்தக் கடிதத்தில சேர்த்து எழுதிடுங்க சார். கையெழுத்துப் போடுறேன்."