கண்ணாடி வரிசையில நின்ன சிக்னலு

எங்க ஊரு பூமிநாதண்ணன் சலூன்ல கிரிக்கெட் பாக்குறது ரொம்ப வசதி. எதிர்த்த டீக்கடையில "அவுட்டு"ன்னு கத்துவாங்க. நாம வருத்தப்பட்டு, ஒருத்தருக்கொருத்தர் ஆறுதல் சொல்லி, அப்பறமா டிவியப் பாத்தா, பவுலர் இப்பத்தான் பந்தப் பேன்ட்டுல தேய்ச்சுக்கிட்டு நிப்பான்.

ரெண்டு கடைக்கும் நெட்டு போட்டது நான்தான். டீக்கடைக்கு வயர இழுத்து டிவியிலயே சொருகிட்டேன். சலூனுக்கு வைபை. பைனல் அன்னிக்கு சலூன் கூட்டம் பூரா எந்திரிச்சு டீக்கடைக்குப் போயிருச்சு. மிச்சம் தவசியண்ணன் மட்டுந்தான். அவருக்குப் பாதி ஷேவிங் பாக்கி.

பூமிநாதண்ணன் கத்தியோட திரும்புனாரு. "ஏய் சோணை, இன்னும் அஞ்சு ஓவர் இருக்கு. அதுக்குள்ள இதச் சரி பண்ணு. இல்ல, ஒங்க மொதலாளிக்கு போனப் போட்டு ஒன்னைய வேலைய விட்டே தூக்கிருவேன்."

பாலிடெக்னிக்க ரெண்டாம் வருஷத்துலயே கும்பிட்டுட்டு வந்தவன் நான். இந்த வேலையும் போச்சுன்னா எங்கப்பா சோத்துத் தட்டத் தூக்கி பரண்ல போட்டுருவாரு. அதனால வாயத் தொறந்தேன்.

"அண்ணே, வயர்ல வர்ற நெட்டு தனி பஸ்ஸு. ஏறுனா டிவியிலதான் எறங்கும். வைபை பாவம்ணே, காத்துல நடந்து வரணும். தெருவுல இருக்குற அத்தன வைபையும் அதே காத்துலதான் வருது. ஒண்ணு நகந்தாத்தான் ஒண்ணு போக முடியும். நேத்து ஒங்க சிக்னலும் பக்கத்து மெடிக்கல் கடை சிக்னலும் வாசப்படியில நின்னு, 'நீங்க போங்க', 'அட நீங்க மொதல்ல போங்க'ன்னு அரைமணி நேரம். கண்ணால பாத்தேன்."

"வைபையக் கண்ணால பாத்தியா?" நுரைக்குள்ளருந்து தவசியண்ணன்.

"டார்ச் அடிச்சுப் பாத்தேன்ணே. குறுக்க பேசாதீங்க, வெட்டிக்கிரும். பூமிண்ணே, நீங்க பண்ணுன காரியத்தச் சொல்லவா? ஆயுத பூஜைக்கு வைபை மோடத்துக்கு சந்தனம் குங்குமம் வச்சு, இரும்புப் பொட்டிக்குள்ள சாமியோட சாமியா உக்கார வச்சுக் கதவ மூடுனீங்க. இன்னிக்கு வரைக்கும் எடுக்கல."

"சாமி பக்கத்துல இருக்கட்டும்னு வச்சேன்டா."

"இரும்பத் தாண்டி வர்றதுக்குள்ள சிக்னலுக்குப் பாதி உசுரு போயிருது. வெளிய வந்தா சுத்தி கண்ணாடி. போன மாசம் ஒரு சிக்னலு கண்ணாடியில தன்னையவே பாத்துட்டு, முன்னாடி ஆயிரம் பேரு நிக்கிறாங்கன்னு நெனச்சு வரிசையில நின்னுருச்சு. நான்தான் போயி, 'எப்பா, அது அம்புட்டும் நீதான்ப்பா, போ'ன்னு தோளப் புடிச்சுத் தள்ளுனேன். கை பூரா சந்தனம்."

தவசியண்ணனுக்குச் சிரிப்பு வந்து நுரை கண்ணாடியில தெறிச்சுது. பூமிநாதண்ணன் சிரிக்கல. டீக்கடையில சிக்ஸருன்னு கத்துனாங்க. நம்ம டிவியில வட்டம் சுத்துச்சு. நான் வேகத்தக் கூட்டுனேன்.

"அதாச்சும் பரவால்லண்ணே. இன்னொண்ணு டிவிக்கு வந்து சேந்தப்ப தல பூரா நரை. நீங்கதான் ஆளு தெரியாம உக்கார வச்சு டை அடிச்சு விட்டீங்க."

"எப்படா?"

"போன செவ்வாக்கெழம."

"செவ்வாக்கெழம சலூன் லீவுடா!"

"ஒங்களுக்கு லீவுண்ணே. அது இன்னும் திங்கக்கெழமையிலயே இருந்துச்சு."

"சரி, டீக்கடை வயரு மட்டும் என்ன ராக்கெட்டா?"

"ராக்கெட்டா? அந்த வயரு வேகம் தெரியாமப் பேசுறீங்க. போன மேட்ச்ல பவுலர் நோபால் போடலாமான்னு மனசுக்குள்ள நெனைக்கிறான், டீக்கடையில 'நோபாலு'ன்னு கத்திட்டாங்க. அந்தச் சத்தம் கிரவுண்டு வரைக்கும் போயி, அந்தாளு பயந்துபோயி ஒழுங்காப் போட்டுட்டான்."

பூமிநாதண்ணன் கத்தியக் கீழ வச்சாரு. "அம்புட்டு வேகம்னா எனக்கும் வயரே போடு. என் கடைக்குன்னு ஒங்க மொதலாளி நீல வயரு ஒரு சுருளு ஒன்ட்ட குடுத்துவிட்டாராம்ல. அது எங்க?"

"அது... வருதுண்ணே."

"எங்கருந்து?"

"அதுவும் வைபையிலதான்ணே வருது. அதான் லேட்டு."

தவசியண்ணன் துண்ட எடுத்து வாயத் தொடச்சாரு. "வருதா? அவன் வீட்டு மொட்டமாடியில துணிக்கொடி கட்டிருக்கான்யா அந்த வயர. காலையிலகூட ஈரலுங்கி ரெண்டு தொங்குச்சு."

பூமிநாதண்ணன் கை மேசையில கெடந்த போனுகிட்ட போச்சு. விடுவனா?

"டெஸ்டிங்குண்ணே! அந்த வயரு வேகத்தச் சோதிக்கத்தான் கட்டுனேன். அதுல துணி காயுறத நீங்க பாக்கணும். தண்ணியில முக்குறதுக்கு முன்னாடியே காஞ்சிருது!"

போன விட்டுட்டு அவரு கத்திய எடுத்தாரு. தவசியண்ணன் மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பி, மிச்சக் கன்னத்துல வச்சாரு. என்னையத் திரும்பிக்கூடப் பாக்கல.

"அப்ப இந்நேரம் காஞ்சிருக்கும். போயி அவுத்துட்டு வா."