இடிக்கு முன்னால் ஒரு சந்தேகம்

இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது மூன்றாவதாக ஒரு குரல் கேட்டால், அது கோமதிநாயகத்தின் குரலாகத்தான் இருக்கும். சங்கரன்கோவிலில் அவர் நடுவில் புகாத பேச்சு கிடையாது. மகள் வடிவுக்குப் போன தடவை வந்த வரன்கூட அப்படித்தான் கைநழுவியது. மாப்பிள்ளையின் அப்பா, பையன் வேலை பார்க்கும் கம்பெனியைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் சும்மா இருக்காமல், "அதை மூடப்போறாங்களாமே" என்று ஒரு வார்த்தை போட்டார். வந்தவர்கள் கேசரியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

இன்று பதினொரு மணிக்கு வேறொரு வீட்டார் தென்காசியிலிருந்து வருகிறார்கள். "போய் முகத்தை வழிச்சிட்டு வாங்க. அவங்க பேசும்போது வாயைத் திறந்தீங்கன்னா, நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்" என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். கோமதிநாயகத்துக்கும் இந்த வரன் போய்விடக்கூடாதே என்ற கவலை நெஞ்சு நிறைய இருந்தது. வாய்க்கு மட்டும் அந்தக் கவலை இல்லை.

இசக்கிமுத்துவின் சலூனில் ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரு சட்டம் உண்டு. 'அடுத்து' என்று கூப்பிட்டதும் எழுந்துவர வேண்டும். வராவிட்டால் பின்னால் இருப்பவர் நாற்காலியில் உட்கார்ந்துவிடலாம், யாரும் கேட்க முடியாது. பெஞ்சில் கோமதிநாயகம்தான் முதல் ஆள். அடுத்தவர் மாவு மில் தர்மர். கடைசியில், மடியில் தோல்பையோடு ஒரு வெளியூர்க்காரர்.

தர்மரும் வெளியூர்க்காரரும் நேற்றுப் பெய்த மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். "அது மழையே இல்ல, தூறல்" என்றார் கோமதிநாயகம்.

"நாங்க பேசிக்கிட்டிருக்கோம்லா? நடுவுல ஏன் விழுதீங்க?" என்றார் வெளியூர்க்காரர்.

கோமதிநாயகத்துக்குச் சுருக்கென்றது. "விழுதேனா? சார், நடுவுல ஒரு வார்த்தை போடுறது லேசுப்பட்ட காரியமில்ல. எங்க தெருவுல ஒரு முருங்கை மரத்துக்காக ரெண்டு வீட்டுக்காரங்க வருஷக்கணக்கா சண்டை. போறபோக்குல ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். நடுவுல நின்ன சுவரே வெக்கப்பட்டு விழுந்திருச்சு."

"அது மழையில விழுந்தது அண்ணாச்சி. நான்தான செங்கலைப் பொறுக்கிப் போட்டேன்?" என்றார் தர்மர்.

"மழை ஒரு சாக்கு, தர்மரு. சுவத்துக்கு நேரடியா விழ மனசு வரல."

"அண்ணாச்சி, அடுத்து" என்றார் இசக்கிமுத்து.

"இருப்பா, குறுக்க பேசாத" என்று கோமதிநாயகம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைக் காட்டினார். தர்மர் சத்தம் போடாமல் எழுந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒரு தடவை ரயிலுக்கு நிக்கேன். 'இன்னும் சில நிமிடங்களில் வந்து சேரும்'னு ஸ்பீக்கர்ல அந்தம்மா சொல்லிக்கிட்டே இருக்கு. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். நடுவுல புகுந்து, 'எத்தனை நிமிஷம், தாயி?'ன்னேன். சத்தம் கப்புனு நின்னுச்சு. அப்புறம் மெதுவா, 'எனக்கே தெரியலண்ணே, நீங்க பஸ்ல போயிருங்க'ன்னுச்சு."

"அது பதிவு பண்ணிவச்ச குரலாச்சே" என்றார் வெளியூர்க்காரர்.

"அதைத்தான சொல்லுதேன். பதிவு பண்ணினதையே பதில் சொல்ல வச்சேன்."

நாற்காலியில் தர்மர் குலுங்கினார். இசக்கிமுத்து கத்தியை விலக்கிக்கொண்டு, "சிரிக்காதீங்க, காது கையோட வந்துரும்" என்றார். முடித்ததும் துண்டை உதறினார். "அடுத்து, அண்ணாச்சி."

"ஏய், ஒரு மனுசன் பேசும்போது நடுவுல வரக்கூடாது, தெரியுமா?"

வெளியூர்க்காரர் தோல்பையை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். முகம் நிறையச் சோப்பு நுரையோடு, "அப்புறம்?" என்று கண்ணாடி வழியாகவே கேட்டார்.

அந்த ஒரு சொல் போதாதா? "போன ஐப்பசியில மொட்டை மாடியில நிக்கேன். பளீர்னு மின்னல் வெட்டுச்சு. மின்னலுக்கும் இடிக்கும் நடுவுல கொஞ்சம் இடைவெளி இருக்கும்லா? டக்குனு புகுந்து, 'அதுக்கு முன்னால எனக்கொரு சின்ன சந்தேகம்'னேன். இடி அப்படியே நின்னுருச்சு."

"எங்க நின்னுது?" என்றார், சவரம் முடிந்தும் கிளம்பாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தர்மர்.

"தண்ணித் தொட்டிக்கு மேல. நான் காயப்போட்ட துணியை எல்லாம் எடுத்தேன். கீழ இறங்கிக் கதவைச் சாத்தினேன். காபி போட்டுக் குடிச்சேன். அதுக்கப்புறம் ஜன்னலைத் திறந்து, 'இப்ப சொல்லு'ன்னேன். அப்பத்தான் இடிச்சுது. அதுவும் மெதுவா. மரியாதை தெரிஞ்ச இடி."

கோமதிநாயகம் வெற்றியோடு தாடியைத் தடவினார். அப்போதுதான் தாடி இன்னும் இருப்பது அவருக்குத் தெரிந்தது. இசக்கிமுத்து பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்.

"இசக்கி, எங்க கிளம்புத? நான்தான முதல்ல வந்தேன்?"

"காதுகுத்து வீட்ல மொட்டை அடிக்கணும் அண்ணாச்சி, நேரமாச்சு. உங்களைக் கூப்பிட்டுப் பார்த்தேன். குறுக்க பேசாதன்னீங்க. சரின்னு விட்டுட்டேன்."

கோமதிநாயகம் பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தார். இந்த முகத்தோடு போய் நின்றால் மனைவி என்ன சொல்வாள் என்பதைவிட, வடிவு ஒன்றும் சொல்லாமல் பார்ப்பாளே, அதுதான் பயமாக இருந்தது. "பதினொரு மணிக்குத் தென்காசியில இருந்து வடிவைப் பொண்ணு பார்க்க வாராங்கப்பா" என்றார், கெஞ்சும் குரலில்.

"வடிவோட அப்பாவா நீங்க?" என்று கேட்டுக்கொண்டே வெளியூர்க்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தார். முகம் பளபளவென்று இருந்தது. "நான்தான் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். எல்லாரும் கோயில் வாசல்ல வேன்ல இருக்காங்க. சவரம் பண்ணிட்டு வாரேன்னு நான் மட்டும் தப்பிச்சு வந்தேன்."

போச்சு, இந்த வரனும் போச்சு என்று கோமதிநாயகம் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சுவர், ரயில், இடி எல்லாவற்றையும் இந்த மனிதர் கேட்டுவிட்டாரே.

தாய்மாமன் தோல்பையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "எங்க அக்கா, அதான் மாப்பிள்ளைக்கு அம்மா, வாயைத் திறந்தா எங்க வீட்ல ஒருத்தராலயும் நடுவுல ஒரு வார்த்தை சொல்ல முடியாது. மாப்பிள்ளை தனக்கு வேலை கிடைச்சதையே முதல் சம்பளம் வாங்கின பிறகுதான் எங்ககிட்ட சொன்னான்."

கோமதிநாயகம் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"தாடி கிடக்கட்டும், சீக்கிரம் எந்திரிங்க" என்று தாய்மாமன் அவர் கையைப் பிடித்து இழுத்தார். "அக்கா தென்காசியில பேச ஆரம்பிச்சவ, இன்னும் முடிக்கல."