பள்ளிவாசல் மூலையில் தேர்

தேரை இழுப்பது கஷ்டமா, திருப்புவது கஷ்டமா? நீங்களே சொல்லுங்கள். இழுக்க ஆள் சேர்ந்தால் போதும். திருப்புகிற கதை வேறு.

ஆற்றங்கரையில் ஒரு மடம். அதன் தலைவி அகிலாண்டம்மை, நாற்பதைத் தொடாதவர். சீடர் குற்றாலிங்கமோ வடக்கே ரயில்வே வேலை முடித்து, ஊர் திரும்பி, தலை நரைத்த பிறகு தீட்சை வாங்கியவர். அவர் குருவை ‘அம்மா’ என்பார். குரு சீடரை ‘அண்ணாச்சி’ என்பார். இரண்டு பேருக்கும் அதில் கூச்சமில்லை.

மடத்துத் தேர் பள்ளிவாசல் மூலையில் திரும்பும்போது மேளம் நின்றுவிடும். பின்சக்கரம் மூலையைக் கடந்த பிறகுதான் மறுபடி கேட்கும். காலங்காலமாக அப்படித்தான்.

தேரோட்டத்துக்கு முதல்நாள் குற்றாலிங்கம் கேட்டார்.

“அம்மா, நாம இந்துதானே?”

“அதுல என்ன சந்தேகம் அண்ணாச்சி?”

“அப்புறம் எதுக்கு நம்ம சாமி அந்த வாசல்ல மட்டும் வாயை மூடிக்கிட்டுப் போகணும்? எந்த நவாப் போட்ட உத்தரவோ. நவாப் போயிட்டாரு, நம்ம பயம் போகலை. அசன்கனி பாய் பள்ளிவாசல் மேல்படியில ஏறி நின்னு, மேளம் நின்னுச்சான்னு காவல் பாக்காரு. வயிறு எரியுது.”

“அவர்கிட்டயே கேட்டீங்களா?”

“கேக்கணுமா? கையை ஆட்டி ஆட்டி அவர் பண்ற அதிகாரம் மடத்து வாசல் வரைக்கும் தெரியுது.”

“ரெண்டு பேரும் ஒண்ணாப் படிச்சவங்கதானே. அப்ப அவரை எப்படிக் கூப்பிடுவீங்க?”

“மச்சான்னு. அது அப்போ.”

அகிலாண்டம்மை பூத் தொடுத்துக்கொண்டே சொன்னார். “சரி. நாளைக்கு மேளம் நிக்க வேண்டாம்.”

குற்றாலிங்கத்தின் முகம் மலர்ந்தது.

“முன்சக்கரத்துக்குக் கட்டை மட்டும் நீங்க போடுங்க. உங்கப்பா செஞ்ச வேலைதானே.”

ஓடுகிற சக்கரத்தின் அடியில் மரக்கட்டையைக் கொடுத்தால் அந்தப் பக்கம் தடைபடும். தேர் அந்தப் பக்கமாகத் தலையைத் திருப்பும். வேலை அவ்வளவுதான். இளவயதில் குற்றாலிங்கமும் கட்டை போட்டிருக்கிறார், நேர்த்தெருவில்.

சாயங்காலமே பள்ளிவாசலுக்கு ஆள் போனது. ‘நாளைக்கு மேளம் நிக்காது, மனசுல வச்சுக்காதீங்க’ என்று. வடம் பிடிப்பவர்களிடம் அம்மை தனியாகச் சொன்னார். “அண்ணாச்சி கை காட்டாம யாரும் இழுக்கக் கூடாது. கையைத் தூக்கினா அப்படியே நின்னுடணும்.”

மறுநாள் தேர் மூலைக்கு வந்தது. வலது பக்கம் பள்ளிவாசல் சுவர், தேர் திரும்ப வேண்டியது இடப்பக்கம். மேளம் நிற்கவில்லை, வழக்கத்தைவிட ஓங்கி அடித்தார்கள். வாசலில் நின்ற இளவட்டங்களின் முகம் இறுகியது. மேல்படியில் அசன்கனி. கை ஆடியது, வாய் அசைந்தது, ஒரு சொல்லும் கேட்கவில்லை.

குற்றாலிங்கம் சக்கரத்தடியில் குனிந்திருந்தார். கண்ணுக்குத் தெரிந்தது ஆளுயரச் சக்கரம் ஒன்றுதான். தேர் இடப்பக்கம் கூடுதலாக ஒடிகிறது என்று நினைத்து, வலது சக்கரத்துக்குக் கட்டையைக் கொடுத்தார். கையைக் காட்டினார்.

தேர் இடப்பக்கம் திரும்பவில்லை. சுவரைப் பார்த்துச் சாய்ந்துகொண்டு போனது. இன்னும் ஒரு முழம் இருக்கும். ஒரு செங்கல் பெயர்ந்தாலும் ஊர் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

இரண்டு கையையும் தூக்கினார். வடம் நின்றது.

“ஏல, மேளத்தை நிறுத்துங்கல.”

மேளமும் நின்றது. சுவரோரப் புறாக்கள் படபடக்கும் சத்தம் கேட்டது.

“அம்மா, அடுத்தது எந்தப் பக்கம் கொடுக்க?”

அகிலாண்டம்மை தேரின் இடப்பக்கம் நின்றிருந்தார். “எனக்கு இங்கருந்து ஒரு சக்கரம்தான் தெரியுது அண்ணாச்சி. ரெண்டும் தெரியுற ஆளைக் கேளுங்க.”

குற்றாலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். இரண்டு சக்கரமும் சேர்ந்து தெரிகிற இடம் அந்த மூலையில் ஒன்றுதான் இருந்தது. அதில் அசன்கனி நின்றார்.

“மச்சான், எந்தப் பக்கம்வே?”

“இவ்வளவு நேரம் என்ன, வேலையத்தா கத்துனேன்? வலதுல கொடுத்ததை உருவும்வே. இடதுல கொடும். முழுசா வேண்டாம், பாதி.”

குற்றாலிங்கம் கட்டையை உருவிக்கொண்டு இடப்பக்கம் ஓடினார், பாதி கொடுத்தார்.

“ம்… இப்ப இழுக்கச் சொல்லும்.”

கையைக் காட்டினார். தேர் முனகியது. கொஞ்சம் யோசித்தது போல நின்றது. பிறகு சுவரைவிட்டு மெல்ல விலகி, தெருவைப் பார்த்துத் தலையைத் திருப்பியது.

வாசலில் நின்றவர்களும் வடம் பிடித்தவர்களும் ஒன்றாகப் பெருமூச்சு விட்டார்கள்.

“தேர் ஆடலை. உம்ம காலுதான் ஆடுது” என்றார் அசன்கனி மேலேயிருந்து. இரண்டு பக்கமும் சிரித்தார்கள். குற்றாலிங்கத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காவித் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தவில்காரர் குச்சியை எடுத்துக்கொண்டு அம்மையைப் பார்த்தார்.

“அண்ணாச்சி, அடிக்கச் சொல்லட்டுமா?” என்றார் அம்மை.

குற்றாலிங்கம் மேல்படியை ஒருமுறை பார்த்தார்.

“பின்சக்கரம் இன்னும் திரும்பலைம்மா. கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்க.”