மூச்சு வாங்கிய அரசவை

முன்னொரு காலத்தில், ராஜாக்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே நாட்டை ஆண்டுவந்த நாளில், ஒரு விகடகவியின் தலைப்பாகை அவிழ்ந்து விழுந்ததால் ஓர் அரசவையே எழுந்து நடக்க வேண்டியதாயிற்று.

அந்த விகடகவியின் பெயர் வெண்காடன். அவையில் முதலில் அவன் வயிறு நுழையும். சற்றுப் பொறுத்து அவன் நுழைவான். அரசரைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. வைத்தியர் இனிப்பை நிறுத்தியதிலிருந்து அரசர் முகம் வாடிக் கிடந்தது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் தலைப்பாகைக்குள் அதிரசம் ஒளித்துக் கொண்டுவந்து கொடுப்பதையும் அவனே தன் வேலையாக்கிக்கொண்டான். பாதி அரசருக்கு, பாதி தனக்கு. வழியில் பசித்தால் இந்தப் பங்கு மாறும்.

அன்று காலை குனிந்து வணங்கும்போது முடிச்சு நழுவியது. அதிரசங்கள் அவை நடுவே உருண்டோடின. ஒன்று நேராகப் போய் அரண்மனை வைத்தியர் மருந்தீசரின் கால் கட்டைவிரலில் முட்டிப் படுத்துக்கொண்டது.

அரசருக்கு வந்திருந்தது மதுமேகம் என்னும் நீரிழிவு. அவர் ஒதுங்கும் இடத்தில் எறும்பு மொய்த்தது. பாதம் அடிக்கடி மரத்துப்போனது. இனிப்பை விட்டு, தினமும் நடக்காவிட்டால் காலும் போகும், கண்ணும் போகும் என்று வைத்தியர் எப்போதோ எச்சரித்திருந்தார். ஆனால் அந்த அவையில் யார் எதைச் சொன்னாலும் அலங்காரமாகத்தான் சொல்ல வேண்டும். வைத்தியர் அதை வெண்பாவாகப் பாடினார். ஈற்றடி வருவதற்குள் அரசர் தூங்கிவிட்டார்.

வெண்காடன் எப்போது சறுக்குவான் என்று காத்திருந்த பிரதானி திருமேனியார் துள்ளி எழுந்தார்.

"பார்த்தீர்களா மகாராஜா! நகைச்சுவை என்ற பெயரில் நஞ்சு! இவனை நாடு கடத்த வேண்டும். தங்களை நடக்க விடாமல் செய்வதும் இவன் கொடுக்கும் இந்தத் தீனிதான்!"

கையும் களவுமாகப் பிடிபட்ட அரசருக்குக் கோபம் வந்தது. "நான் நடக்க மாட்டேன் என்றா சொன்னேன்? அவை கூடிய பின் அரசன் உட்பட யாரும் அவையை விட்டு நீங்கலாகாது என்பது என் பாட்டனார் வகுத்த விதி. விடிந்தால் அவை, விளக்கு வைத்தால் உணவு. எப்போது நடப்பதாம்?"

"அதற்கு வெண்காடனே வழி சொல்லட்டும்" என்றார் பிரதானி, மீசைக்குள் சிரித்தபடி. "அவையை விட்டு நீங்காமல் தாங்கள் தினமும் நடக்க வேண்டும். வழி தெரியாவிட்டால் அவன் மூட்டையைக் கட்டட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர்.

வெண்காடன் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தான். நாடு கடத்தினால் எல்லைவரை நடந்தல்லவா போக வேண்டும்! அந்தப் பயத்தில்தான் அவன் மூளை வேலை செய்யத் தொடங்கியது.

"மகாராஜா, தாங்கள் போருக்குப் போனபோது அவை எங்கே கூடியது?"

"கூடாரத்தில்."

"வேட்டைக்குப் போனபோது?"

"மருதமரத்தடியில்."

"இந்தத் தூண்களும் கூரையும் அங்கே கூட வந்தனவா?"

"தூணும் கூரையும் ஏனடா வர வேண்டும்? அரசன் இருக்கும் இடம்தான் அவை."

"அப்படியானால் தாங்கள் எழுந்து எந்தப் பக்கம் போனாலும் அவையை விட்டு நீங்கவே முடியாதே! மலைக்கோயில் பாதையில் நடந்தால் அவையும் அங்கேதான் இருக்கும். பிரதானியார் பின்னாலேயே வரட்டும். வராவிட்டால் அவையை விட்டு நீங்கிய குற்றம் அவருடையது."

பிரதானியின் மீசை தொங்கியது. அரசர் இரண்டு கைகளையும் ஊன்றி எழுந்தார். வெண்காடன் தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டு, ஒரு தூணில் சாய்ந்து உட்காரப் போனான்.

"நீ எங்கே உட்காருகிறாய்?" என்றார் அரசர். "நீயும் அவையில் ஒருவன்தானே?"

அதை மட்டும் அவன் யோசித்திருக்கவில்லை.

முதல் நாள் கோட்டை வாசலோடு சரி. மறுநாள் குளக்கரைவரை. பிறகு மலையடிவாரம். அரசரைவிட வெண்காடனுக்குத்தான் அதிகம் வியர்த்தது. முழங்கால் இரண்டும் அவனைத் திட்டின. "வைத்தியரே, அரசருக்கு எப்போது குணமாகும்?" என்று தினமும் கேட்டான். அரசர்மேல் உள்ள அன்பில் பாதி, தன் முழங்கால்மேல் உள்ள அன்பில் பாதி. "கதிரவனைக் கண்ட பனி போல..." என்று தொடங்கி வைத்தியர் மேகத்தைப் பார்ப்பார். பதில் மட்டும் வராது.

மலைப்பாதையில் ஏறத் தொடங்கிய அன்று பிரதானி கூவினார்: "மகாராஜாவுக்கு மூச்சு வாங்குகிறது! இந்தப் பாவி அவரைக் கொல்லப் பார்க்கிறான்!"

அரசர் வைத்தியரைப் பார்த்தார். வைத்தியர் வெண்பா ஒன்றை எடுத்தார். முதல் அடியிலேயே நின்றுவிட்டது. "பேச முடிகிறது, பாட முடியவில்லை" என்றார் வியப்போடு. "நடைக்கு இதுதான் சரியான வேகம், மகாராஜா."

"பிரதானியாரே, அப்படியானால் நீர் பேசும். இன்றைய சேதி என்ன?"

சேதிக்கு முன் அரசரின் பட்டப்பெயர்கள் அத்தனையும் சொல்லியாக வேண்டும். "மண்டலம் புரக்கும்... மாற்றார் நடுங்கும்... மா... மா..." பிரதானி ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டார். "ஏரிக்கரை உடைஞ்சு போச்சுங்க!"

"எப்போது?"

"போன மழையிலே."

"இதுவரை ஏன் சொல்லவில்லை?"

"பட்டப்பெயர் முடியறதுக்குள்ள தாங்கள் தூங்கிடுறீங்களே!"

அரசர் ஏரிக்கரைக்கு அப்போதே ஆள் அனுப்பினார். பட்டப்பெயர்களை அன்றோடு நிறுத்தினார். வயலுக்குத் தண்ணீர் போயிற்று. அரசர் அவையில் தூங்குவதும் போயிற்று.

மாதங்கள் ஓடின. எறும்புகள் வேறு இடம் பார்த்துக்கொண்டன. ஒரு நாள் ஏற்றத்தில் அரசர் "ஆ!" என்று அலறினார். எல்லோரும் பதறி ஓடினார்கள். அவர் செருப்புக்குள் ஒரு சரளைக்கல்.

"வலிக்கிறதடா வெண்காடா!" என்று அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். "மரத்துக் கிடந்த என் பாதத்துக்கு வலிக்கிறதடா!"

வெண்காடனும் சிரித்தான். கண்ணில் வழிந்ததை வியர்வை என்று துடைத்துக்கொண்டான்.

"என்ன பரிசு வேண்டும், கேள்!"

"ஒரு பல்லக்கு, மகாராஜா. சின்னதாக இருந்தாலும் போதும்."

அரசர் இன்னும் பலமாகச் சிரித்தார். தனக்கென்று தைத்து வைத்திருந்த மெத்தென்ற புதுத் தோல்செருப்பைப் பின்னால் வந்த பணியாளிடமிருந்து வாங்கி, அவனுக்குக் கொடுத்தார். "இனி நீ என் பக்கத்தில் நட. பிரதானியார் பின்னால் வரட்டும்."

செருப்பை மாட்டிக்கொண்டு வெண்காடன் வைத்தியருக்காக நின்றான். கடைசி ஏற்றத்தில் அவர் தடியூன்றி வந்துகொண்டிருந்தார்.

"வைத்தியரே, இன்னிக்காவது சொல்லுங்க. எப்போ குணமாகும்? நாம எப்போ உட்காரலாம்?"

"கதிரவனைக்... கண்ட..." வைத்தியருக்கு மூச்சு முட்டியது. மேகத்தைப் பார்க்கத் தலையைத் தூக்கினார்; அதுவும் முடியவில்லை. வெண்காடன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"போகாதுடா. அவருக்கு வந்தாச்சு, இனி அது போகாது. நடந்தா அடங்கிக் கிடக்கும், நிறுத்தினா எழுந்துக்கும். உனக்கு இன்னும் வரல. வராம இருக்கணும்னா நீயும் நட. எத்தனை நாள்னு இனிமே கேட்காதே. கால் நடக்கிற நாள் பூரா."