உப்பளத்துக்கு நடந்த சீனியம்மா

ஒரு ஊர்ல ஒரு தீப்பெட்டி ஆபீஸ் இருந்துச்சு. அதுல சீனியம்மான்னு ஒருத்தி குச்சி அடுக்குற வேலை பாத்தா. வயசு முப்பத்தெட்டு, கல்யாணம் ஆகல. காலைல நாலு மணிக்கு எந்திரிச்சு, வீட்டுல உள்ளவுக எல்லாருக்கும் சோறு பொங்கி வச்சுட்டு, ஆபீஸ் வேன்ல ஏறிப் போனான்னா பொழுது சாயத்தான் வீடு வந்து சேருவா. படுத்தாலும் தூக்கம் வராது. அசதி மட்டும் எந்நேரமும் கண்ணுல நிக்கும்.

அவளுக்கு ரெண்டு கூட்டாளி. ஒருத்தி மாடத்தி. ஆள் வாட்டசாட்டம், வாய் ஓயாது. இன்னொருத்தி புஷ்பம். வெளக்குமாத்துக் குச்சி மாதிரி ஒடம்பு. தீக்குச்சி மருந்து வாடை பட்டுப் பட்டு நெஞ்சுல இருமல் ஒக்காந்துருச்சு. லொக்கு லொக்குன்னு இருமிக்கிட்டே இருப்பா. மூணு பேரும் பக்கத்துல பக்கத்துல ஒக்காந்து பேசிக்கிட்டே வேலை பாப்பாக. ம் கொட்டுடா கண்ணு. ம்... அப்படித்தான்.

அப்போ ஒரு காய்ச்சல் வந்துச்சு. வீட்டுக்கு வீடு ஆள் செத்துச்சு. சரி, செத்தவுக கிடந்தாகளா? கிடக்கல. எந்திரிச்சு நடந்தாக. கண்ணு தெரியாது, பேச்சு வராது, பசி மட்டும் இருந்துச்சு. சத்தம் எங்க கேக்குதோ அங்க போயி, உசுரோட இருக்கவுகளக் கடிச்சாக. கடிபட்டவுகளுக்குப் பொழுது அடையுறதுக்குள்ள காய்ச்சல் கொதிக்கும். மறுநா அவுகளும் எந்திரிச்சு நடப்பாக. நடைப்பொணம்னு பேரு வச்சாக சனங்க. சரக்... சரக்... சரக்... அம்புட்டுப் பேரும் கால இழுத்துக்கிட்டு, ஒக்காரவும் தெரியாம படுக்கவும் தெரியாம, தெருத் தெருவா நடந்தாக.

சீனியம்மா வீட்டுல அவளத் தவிர யாரும் மிஞ்சல. அதப் பத்தி அவ ஒரு வார்த்தை பேசுனதில்ல.

மூணு பேரும் தீப்பெட்டி ஆபீஸ் குடோன்ல கதவ அடைச்சுக்கிட்டுப் பன்னெண்டு நா இருந்தாக. இருந்த அரிசி தீந்துச்சு. அப்புறம் ஒரு நா, மதில் அந்தப் பக்கமா லாரியில போன ஆள் ஒருத்தன் கத்திட்டுப் போனான். "கடக்கரைக்குப் போங்க. உப்பளத்துக்குள்ள அதுக வரமாட்டேங்குது. உப்பு பட்டா கால் வெடிச்சு விழுந்துருது."

மாடத்தி ஒடனே சேலையத் தூக்கிச் சொருகிட்டா. புஷ்பமும் எந்திரிச்சா. சீனியம்மா மட்டும் எந்திரிக்கல.

"நான் வரல. நீங்க போங்கட்டி."

"ஏன் வரல?"

"அங்க சூசை இருப்பாரு."

சூசை யாருன்னா, உப்பு லாரி ஓட்டுனவன். தீப்பெட்டி ஆபீஸ் வாசல்ல லாரி நிப்பாட்டி டீ குடிப்பான். அவனுக்கும் இவளுக்கும் ரெண்டு வருசம் பிரியம். அவன் கும்புட்ட சாமி வேற, இவ கும்புட்ட சாமி வேற. ரெண்டு வீட்டுலயும் ஒத்துக்கல. ஒரு நா லாரி வரல. அப்புறம் வரவே இல்ல. அதுக்குப் பெறகு பதினாலு வருசம் ஓடிப்போச்சு.

மாடத்தி அவ பக்கத்துல ஒக்காந்தா. "உசுரு போற நேரத்துல அந்த மனுசன் மூஞ்சியப் பாக்கணுமேன்னு ரோசப்பட்டுக்கிட்டு இருக்கியா? அவரு இருக்காரோ இல்லையோ. உப்பு இருக்கும்ல. வா."

அப்புறம் மூணு பேரும் கெளம்புனாக. பகல்ல மட்டும் நடந்தாக. இருட்டுனா எது எங்க நிக்குதுன்னு தெரியாதுல்ல. பேச்சு மூச்சு இல்ல. எந்நேரமும் பேசிக்கிட்டுக் கிடந்த மூணு பேரு, கைய ஆட்டி ஆட்டிச் சாடை காட்டிக்கிட்டு, கரிசக்காட்டுக்குள்ள நடந்தாக. ம்?

மொத நா ஒரு ரயில்வே கேட். கூட்ஸ் வண்டி ஒண்ணு பாதையில நின்னுபோய்க் கிடக்கு, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பெட்டி. கிட்டத்துல ஒரு நடைப்பொணக் கூட்டம் பெட்டியில முட்டிக்கிட்டு நிக்குது. டொம்... டொம்... டொம். வண்டிக்கு அடியில நொழஞ்சுதான் போகணும். மூணு பேரும் சல்லிக்கல்லு மேல தவழ்ந்து போறாக. நட்ட நடுவுல போகையில புஷ்பத்துக்கு இருமல் வந்துருச்சு. முந்தானைய உருட்டி வாயில திணிச்சுக்கிட்டா. கண்ணு ரெண்டும் பிதுங்குது, கழுத்து நரம்பெல்லாம் பொடைக்குது. சீனியம்மா அவ முதுகு மேல தன் ஒடம்பப் போட்டு அமுக்கிக்கிட்டா. பொடைச்சுப் பொடைச்சு அந்த இருமல் வெளிய வராமலே அடங்குச்சு. அந்தப் பக்கம் போனதும் புஷ்பம் கொஞ்ச நேரம் தரையிலேயே கிடந்தா. எந்திரின்னு யாரும் சொல்லல.

ரெண்டாவது நா தண்ணி இல்ல. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. ஒரு ஊர் மந்தையில அடிபம்பு இருந்துச்சு. அடிச்சா கிறீச் கிறீச்னு ஊருக்கே கேக்கும். என்ன செய்ய? மாடத்தி ஒரு தகர டப்பாவ எடுத்துக்கிட்டு ஊருக்கு அந்தக் கடைசிக்குப் போனா. டங் டங் டங். நடைப்பொணம் எல்லாம் அந்தப் பக்கம் திரும்பிருச்சு. இங்க இவுக ரெண்டு பேரும் கிறீச் கிறீச்னு அடிச்சு ரெண்டு கேன் ரொப்பிட்டாக. அப்புறம் மாடத்தி கருவேலங்காட்டச் சுத்தி ஓடி வந்தா. வந்து நின்னவ முழங்கையில ரத்தம்.

"முள்ளுதான்" னா மாடத்தி. சொல்லிட்டு, அவளே அதத் திருப்பித் திருப்பிப் பாத்தா. "முள்ளுன்னுதான் நெனைக்கேன். அதுகள்ல ஒண்ணு என் கையத் தொட்டுச்சு."

முள்ளா பல்லான்னு எப்படித் தெரியும்? காய்ச்சல் வந்தாத்தான் தெரியும். அன்னைக்கு நடை நின்னுபோச்சு. இடிஞ்ச ஒரு பம்புசெட் ரூமுக்குள்ள ஒக்காந்தாக. மாடத்தி ஒரு பெரிய கல்ல உருட்டிக் கொண்டாந்து சீனியம்மா பக்கத்துல வச்சா. எதுக்குன்னு சொல்லல. சொல்லவும் வேண்டியதில்ல. சீனியம்மா நிமிசத்துக்கு ஒருக்கா அவ நெத்தியத் தொட்டுப் பாத்தா. உச்சிப் பொழுதாச்சு. தொட்டா. நெழலு சாஞ்சுச்சு. தொட்டா. மாடத்தி அந்தச் செவத்தையே பாத்துக்கிட்டு இருந்தா. பொழுது அடைஞ்சுச்சு. நெத்தி குளுந்துதான் இருந்துச்சு.

"முள்ளுதான்ட்டி" னா சீனியம்மா. கல்ல வெளிய தள்ளிட்டு மூணு பேரும் ஒருத்தி மேல ஒருத்தி சாஞ்சுக்கிட்டாக.

தூங்கிட்டியா? ம். முழிச்சிருக்க. சரி.

மூணாவதா வந்த எடைஞ்சல் என்னன்னா, அது நடைப்பொணம் இல்ல. அசதி. நாலாவது நா நடு ரோட்டுல புஷ்பம் ஒக்காந்துட்டா. "நீங்க போங்க. எனக்குப் போதும்" னா. அழுகல, கெஞ்சல, வெறுமனே சொன்னா. சீனியம்மாவுக்கு அதக் கேட்டதும் தானும் பக்கத்துல ஒக்காந்துரலாம்னு இருந்துச்சு. அம்புட்டு ஆசையா இருந்துச்சு. ஒக்காந்தா எந்திரிக்க மாட்டோம்னும் தெரிஞ்சுச்சு. அதனால ஒக்காராம குனிஞ்சு, புஷ்பத்த முதுகுல ஏத்திக்கிட்டா. கொஞ்ச தூரம் இவ, கொஞ்ச தூரம் மாடத்தி. அப்படியே மாத்தி மாத்தித் தூக்கிக்கிட்டு அஞ்சாம் நா மத்தியானம் உப்பளத்துக்கு வந்து சேந்தாக.

பளீர்னு இருந்துச்சு. கண்ணத் தொறக்க முடியல. பாத்தி பாத்தியா வெள்ளை. ஓரத்துல வெடிச்ச காலோட நடைப்பொணம் விழுந்து கிடந்துச்சு, வேலி மாதிரி. உள்ள ஒரு நாப்பது பேரு பொழைச்சுக் கிடந்தாக. கை காலக் காட்டச் சொல்லி, கடி இருக்கான்னு பாத்துட்டுக் கஞ்சி ஊத்துனாக. சீனியம்மா யாரையும் விசாரிக்கல. மாடத்திதான் கேட்டா. "இங்க சூசைன்னு ஒருத்தரு?"

கஞ்சி ஊத்துன அம்மா அகப்பையக் கீழ வச்சுட்டா. "இருக்கான். எங்ககூட இல்ல. அந்தா, கடைசிப் பாத்தி மோட்டார் ரூம்ல இருக்கான். அவுக ஆத்தாளும் அவனும்."

"ஆத்தா நல்லாருக்காகளா?"

"செத்து இருவது நாளாச்சு."

அப்போ சீனியம்மா எந்திரிச்சு வரப்பு மேல நடந்தா. தனியாத்தான் போனா. சரக்... சரக்... சத்தம் தூரத்துலயே கேட்டுச்சு. போயிப் பாத்தா, மோட்டார் ரூம் வாசல்ல ஒரு தூணு. அந்தத் தூணுல நீளமா ஒரு கயிறு. கயித்துல ஒரு கெழவி. வாயச் சுத்தித் துணி கட்டியிருக்கு. தூணச் சுத்திச் சுத்தி நடக்குது. பின்னாலேயே ஒரு மனுசன், கையில சொம்போட நடக்கான். நாலு சுத்துக்கு ஒருக்கா குனிஞ்சு அந்தக் காலுல தண்ணி ஊத்துறான். உப்பு பட்டுக் கால் வெடிச்சு ஆத்தா விழுந்துரக் கூடாதுன்னு. இருவது நாளா இதே வேலை.

தலை நரைச்சுப் போயிருந்துச்சு. ஆனாலும் அந்த நடை அவளுக்குத் தெரியும்.

"யாரது?" ன்னான்.

"நாந்தான்."

சொம்பு சாஞ்சு தண்ணியெல்லாம் கீழ போச்சு. "சீனியா? கிட்ட வராத. அம்மா இருக்காக."

பதினாலு வருசத்துக்கு முன்னாடி, அவ அவன் வீட்டு வாசலுக்குப் போனப்பயும் இதேதான் சொன்னான். வராத, அம்மா இருக்காக. அப்போ அவ திரும்பிப் போயிட்டா. இப்போ திரும்பிப் போக அவ காலுல தெம்பு இல்ல. வாசப்படியில ஒக்காந்துட்டா.

"எப்பத் தூங்குனீங்க?"

அவன் யோசிச்சான். எத்தன நாளாச்சுன்னு கணக்கே மறந்துபோயிருந்துச்சு.

"சொம்பக் குடுங்க. நான் பாத்துக்கிறேன். செத்த நேரம் படுங்க."

அவன் அவளையே பாத்துக்கிட்டு நின்னான். அப்புறம் சொம்பக் குடுத்தான். செவத்தோரமா சாஞ்சவன், சாஞ்ச எடத்துலயே தூங்கிட்டான்.

சீனியம்மா தண்ணி மோந்து மோந்து ஊத்துனா. தன்ன வாசப்படி ஏற விடாத அந்த மனுசி காலுக்கு. கிட்டத்துல பாத்தா, பாதத்துல தோலே இல்ல. எலும்பு தெரியுது. ஆனாலும் நடக்குது. கோவம் வரும்னு நெனச்சா. வரல. நாலு மணிக்கு எந்திரிச்சு எந்திரிச்சுத் தான் நடந்த நடையெல்லாம் நெனப்பு வந்துச்சு. "ஒங்களுக்கு வலிக்கலையா?" ன்னு கேட்டா. அது சத்தம் கேட்டு அவ பக்கமா திரும்புச்சு, கயிறு இழுத்து நிப்பாட்டுச்சு, மறுபடி நடந்துச்சு.

வெயில் தாழ அவன் எந்திரிச்சான். ரொம்ப நேரம் ஆத்தா காலப் பாத்தான்.

"அவுகளப் படுக்க வைக்கணும்" னான். "எனக்கு ஒத்தையில மனசு வரல."

"ஒத்தையில எதுக்கு" ன்னா சீனியம்மா.

மாடத்தியையும் புஷ்பத்தையும் கூப்புட்டாக. நாலு பேருமாச் சேந்து, ஒரு போர்வையில சுத்தி, காஞ்ச பாத்தியில அந்தக் கெழவியக் கெடத்துனாக. சூசை தலைமாட்டுல முட்டி போட்டு அவன் செபத்தச் சொன்னான். மத்த மூணு பேரும் உப்ப அள்ளி அள்ளிப் போட்டாக. சொர்ர்... சொர்ர்... மேல போட்ட உப்பு கொஞ்ச நேரம் அசஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் மெல்ல மெல்ல அசைவு கொறஞ்சுச்சு. அப்புறம் நின்னுருச்சு.

சூசை சொன்னான், "ஒன்ன அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருக்கணும்."

"போயிருக்கணும்தான்" னா அவ. "அதப் பெறகு பேசுவோம். எனக்குத் தூக்கம் வருது."

நெசமாவே வந்துச்சு. சனங்க தங்கியிருந்த உப்புக் குடோனுக்குப் போயி, மாடத்திக்கும் புஷ்பத்துக்கும் நடுவுல படுத்தா. ஒரு நா, ரெண்டு நா, அசையாமத் தூங்குனா. அவ வயசுக்கு அப்படி ஒரு தூக்கம் தூங்குனதே இல்ல.

கல்யாணம் ஆச்சான்னா கேக்குற? அங்க யாரு இருக்கா பண்ணி வைக்க. மூணாம் நா காலைல அவ கண்ணு முழிச்சப்ப, சூசை வாசல்ல நின்னான். கையில உப்பு வாருற பலகை ரெண்டு இருந்துச்சு. ஒண்ண அவகிட்ட நீட்டுனான். அவ வாங்கிக்கிட்டா. ரெண்டு பேரும் பாத்தியில எறங்குனாக. பின்னாலேயே மாடத்தி வாய் ஓயாம பேசிக்கிட்டு வந்தா, புஷ்பம் லொக்கு லொக்குன்னு இருமிக்கிட்டு வந்தா. யாரும் அமுக்கச் சொல்லல.

அவ்வளவுதான்டா கண்ணு. அவுக அங்க உப்பு வாரட்டும். நாம இங்க கண்ண மூடுவோம். ம்?

தூங்கிட்ட. சரி, நானும் படுக்கேன்.