ராஜாவின் பல்லும் கயிற்றுக் கட்டிலும்

"ஒன்று ஆடுகிறதென்றால், அதைப் பார்க்காதே, முதலில்..." என்று மாமா ஏதோ சொல்வாரே, மீதி என்ன? மந்திரி தத்தனாருக்குச் சட்டென்று நினைவு வரவில்லை.

வெகு காலத்துக்கு முன் மருதங்கோட்டையை ஆண்டவர் கீர்த்திவளவ ராஜா. தன் பல்வரிசை மேல் அவருக்கு அப்படியொரு பெருமை. சிரிப்பு வராவிட்டாலும் சபையில் சிரித்துவைப்பார். அந்த வரிசையில் ஒரு முன்பல் அன்று ஆடியது.

"பிடுங்கிவிடலாம் மகாராஜா. தந்தத்தில் ஒன்று செதுக்கி வைக்கிறேன்," என்றார் அலங்கார அதிகாரி பூதிமான். தினமும் செங்கல் பொடியால் அழுத்தித் தேய்க்கப் பழக்கியவரும் அவர்தான்.

"பல்லில் குறையில்லை. பொடிதான் கெடுத்தது," என்றார் தத்தனார்.

"இந்தப் பளபளப்பா கெட்டது? மந்திரிக்குப் பொறாமை," என்றார் பூதிமான்.

ராஜாவுக்கு வலி. வலியில் கோபம். "ஓய் தத்தனாரே, நாளைக்குள் நிரூபியும். இல்லையென்றால் என் பல் போகும். அதற்கு முன் உம் பதவி போகும்."

வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்தபோதுதான் மாமா சொன்ன மீதி நினைவு வந்தது.

மறுநாள் சபைக்கு ஒரு கயிற்றுக் கட்டில் வந்தது. நான்கு கால்களும் கண்ணாடி மாதிரி மின்னின.

"பூதிமானே, கால்கள் எப்படி?"

"முதல் தரம்."

"உம் பொடிதான். ஓர் இடம் விடாமல் தேய்க்கச் சொன்னேன். உட்காரும், பார்ப்போம்."

பூதிமான் கம்பீரமாக உட்கார்ந்தார். படபடவென்று கயிறு அறுந்தது. குடுமியும் கால்விரல்களும் மட்டும் சட்டத்துக்கு வெளியே தெரிந்தன. ராஜா சிரிக்கப் போய் வாயைப் பிடித்துக்கொண்டார்.

"கால் சரியில்லையோ? வெட்டிவிட்டுத் தந்தத்தில் வைப்போமா?" என்றார் தத்தனார்.

"பொடி தேய்த்துக் கயிறு நைந்துபோன கட்டிலுக்குத் தந்தக்கால் எதற்கையா?" என்று உள்ளேயிருந்து சீறினார் பூதிமான். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தத்தனார் ராஜா பக்கம் திரும்பினார். "'ஒன்று ஆடுகிறதென்றால், அதைப் பார்க்காதே, முதலில் அதைத் தாங்கும் கட்டைப் பார்' என்பார் என் மாமா. பல்லும் இப்படித்தான் மகாராஜா. ஆணி மாதிரி அடித்து வைத்ததில்லை. எலும்புக் குழிக்குள் அதன் வேர் இருக்கிறது. வேரையும் எலும்பையும் மெல்லிய நார்கள் கட்டித் தாங்குகின்றன. கடிக்கும்போது கட்டில் மாதிரியே கொஞ்சம் அமுங்கிக்கொடுக்கும். ஈறு அதற்குப் போர்வை. அதைத்தான் தேய்த்துத் தேய்த்து இறக்கிவிட்டோம். கட்டு தளர்ந்திருக்கிறது, இன்னும் அறவில்லை."

ராஜா நாக்கு நுனியால் பல்லை மெல்லத் தொட்டுப் பார்த்தார். பல்லைப் பிடுங்கக் குறடு ஏந்தி நின்றவனைப் போகச் சொன்னார். தன் மோதிரத்தைக் கழற்றித் தத்தனார் விரலில் போட்டார். செங்கல் பொடியைப் பாத்திரம் துலக்க அனுப்பினார். அரண்மனைக் கட்டில்களுக்கெல்லாம் கயிறு பின்னப் பூதிமானை உட்காரவைத்தார்.