சிங்கம் இல்லாத கட்டு

மருத மரத்தடி வளைக்குள் மூன்று குட்டிகளை ஈன்றிருந்தது மருதாயி என்ற கீரி. குட்டிகள் இன்னும் கண் திறக்கவில்லை.

அந்தக் குளக்கரையில் மேடான இடம் அது ஒன்றுதான். அடைமழை பிடித்தால் மற்ற வளைகளில் எல்லாம் தண்ணீர் புகுந்துவிடும். அதனால் நரி வீரணனுக்கு அந்த வளைமேல் ரொம்ப நாளாக ஒரு கண். ஒரு நாள் வாசலிலேயே வந்து நின்றுவிட்டது.

"தங்கச்சி! இந்த வளைக்கு ஒரு ஆட்டம் போடுவோமா? நீ தோத்தா அன்னைக்கே காலி பண்ணணும். நான் தோத்தா இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கமாட்டேன்!"

அந்தக் காட்டில் இப்போதெல்லாம் வழக்கு என்று வந்தால் யாரும் கடித்துக்கொள்வதில்லை. செல்போனில் 'மழைக்காடு' என்று ஒரு சீட்டு விளையாட்டு. அதில் ஜெயித்தவர் பக்கம்தான் தீர்ப்பு. கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்லக் கூடாது. மிருகங்களுக்குச் செல்போன் ஏது என்று கேட்கிறீர்களா? அவை பேசுகின்றன என்பதை நம்பிவிட்டீர்கள், இதையும் நம்பித் தொலையுங்கள்.

"நாளன்னைக்குக் காலையில வா அண்ணே" என்றது மருதாயி. சொல்லிவிட்டு வளைக்குள் திரும்பிக் குட்டிகளைப் பார்த்தது. கண் திறக்காத குட்டிகளைத் தூக்கிக்கொண்டு மழையில் எங்கே போவது?

பக்கத்துப் பாறையில் குடியிருந்த நண்டு கடுக்கன் ஓடி வந்தது.

"ஏன்க்கா தலையைப் பிச்சுக்கிறே? போன மாசம் போட்டியில ஜெயிச்ச இருவாச்சிப் பறவை, தன்னோட சீட்டுக்கட்டை அப்படியே நெட்டுல போட்டிருக்கு. காப்பி பண்ணு, ஒட்டு, வேலை முடிஞ்சது!"

மருதாயி அப்படியே செய்தது. கட்டு முழுக்க டகடகவென்று வந்து நிரம்பியது. ஒரு கட்டம் மட்டும் கறுப்பாக நின்றது. 'சிங்கம்: இந்தச் சீட்டு உங்களிடம் இல்லை' என்றது போன்.

"போச்சு! ராஜாவே இல்லாம எப்படி ஆடுறது?" என்று அழாத குறையாகக் கேட்டது கீரி.

அதே நேரத்தில் மூங்கில் புதரில் வீரணனும் அதே கட்டைத்தான் காப்பியடித்துக்கொண்டிருந்தது. அதனிடம் சிங்கமும் இருந்தது. "ஜெயிச்ச கட்டு! இனி அதுவா ஜெயிக்கும்!" என்று வாலைச் சுருட்டிப் படுத்துவிட்டது. ஒரு ஆட்டமாவது போட்டுப் பார்க்க வேண்டுமே? ம்ஹூம்.

மருதாயியால் படுக்க முடியவில்லை. அந்தக் காலி இடத்தில் யானையை வைத்து நண்டோடு ஆடியது. தோற்றது. முதலையை வைத்தது. அப்போதும் தோற்றது. நண்டின் கொடுக்கு பட்டுப்பட்டுத் திரையெல்லாம் கீறல்.

அந்த விளையாட்டின் விதி இதுதான். ஆளுக்கு இருபது உயிர், அது முதலில் தீர்ந்தவர் தோற்றவர். முதல் முறை ஒரு மழைத்துளி கிடைக்கும், அடுத்த முறை இரண்டு, இப்படி ஏறிக்கொண்டே போகும். துளியைக் கொடுத்துத்தான் சீட்டை இறக்க வேண்டும். சிங்கத்துக்கு எட்டுத் துளி ஆகும்.

"கடுக்கா, பெரிய சீட்டு வெளியே வர்றதுக்குள்ளேயே நான் செத்துப்போறேனே! அதுவரைக்கும் இருவாச்சியை உயிரோட வச்சிருந்தது யாரு?" என்றது கீரி.

இரண்டும் கட்டைப் பிரித்துப் போட்டு ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தன. மூலையில் ஒரு மண்புழு. விலை ஒரே துளி. அடிக்கத் தெரியாது, கடிக்கத் தெரியாது. ஆனால் அது களத்தில் இருக்கும்வரை முறைக்கு ஒரு துளி கூடுதலாகக் கிடைக்கும்.

"அடடே! இந்த வீட்டுக்கே சோறு போடுறது இதுதானா!" என்றது நண்டு.

கீரிக்குச் சட்டென்று பொறி தட்டியது. சிங்கம் இருக்க வேண்டிய இடத்தில், தன்னிடம் சும்மா கிடந்த எறும்புச் சீட்டை வைத்தது. கையிலிருக்கும் துளிகளையெல்லாம் கொடுத்தால், துளிக்கு ஓர் எறும்பு கிளம்பிப் போய் எதிராளியைக் கடிக்கும், கடிக்கு ஓர் உயிர் போகும். மறுநாள் முழுக்க ஆடி ஆடிப் பார்த்தது. நண்டு தோற்றுத் தோற்றுச் சலித்துப்போனது.

மூன்றாம் நாள் காலை குளக்கரையில் தவளைகள் கூடின. ஆட்டம் தொடங்கியது.

முதலில் ஆளுக்கு நான்கு சீட்டு. வேண்டாததை ஒரே ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாம். வீரணனுக்குச் சிங்கம், காட்டெருமை, அணில், மண்புழு வந்தன.

"மண்புழுவா? சீ! யாருக்கு வேணும் இது?" என்று அதையும் அணிலையும் திருப்பி அனுப்பியது. பதிலுக்கு யானையும் கரடியும் வந்தன. "பாத்தியா, ராஜ பரிவாரம்!" என்று தவளைகளைப் பார்த்துக் கண்ணடித்தது.

மருதாயி பெரிய சீட்டுகளைத் திருப்பிக் கொடுத்தது. மண்புழுவை வைத்துக்கொண்டது.

ஆரம்பத்தில் நரியின் பரிவாரம் கையிலேயே உட்கார்ந்திருந்தது. இறக்கத் துளி இல்லையே! அதற்குள் கீரியின் அணில், தவளைச் சீட்டுகள் நரியின் உயிரில் பாதியைத் தின்றுவிட்டன. ஆனால் பிறகு யானை வந்தது. எட்டாவது முறையில் சிங்கமும் வந்தது. ஒரே உறுமலில் கீரியின் பக்கம் துடைத்துப் போட்டதுபோல ஆனது. மண்புழு மட்டும் மிச்சம். புழுவை அடித்து என்ன ஆகப்போகிறது என்று நரி அதை விட்டுவிட்டது.

"தங்கச்சி, அடுத்த உறுமலோட ஆட்டம் முடிஞ்சது. குட்டிகளைத் தூக்கு!" என்றது நரி.

மருதாயி துளிகளை எண்ணிப் பார்த்தது. நரிக்கு மிச்சம் இருந்தது பத்து உயிர். இந்த முறை கீரிக்கு வரவேண்டியது ஒன்பதே துளி. மண்புழு கொடுத்தது இன்னொன்று.

"எறும்பே, போ!" என்றது கீரி.

பத்து எறும்புகள் சிங்கத்தின் கால்களுக்கு நடுவே வரிசையாகப் போயின. கடைசி எறும்பு கடித்ததும் ஆட்டம் முடிந்தது. தவளைகள் போட்ட கூச்சலில் குளமே அதிர்ந்தது.

வீரணன் கோபத்தில் எகிறிக் குதித்தது. "இது அநியாயம்! ரெண்டு பேர்கிட்டேயும் ஒரே கட்டு! அதுலேயும் உன்கிட்ட சிங்கமே இல்லை!"

"இல்லாததாலதான் அண்ணே ஜெயிச்சேன். இருந்திருந்தா நானும் அதை நம்பித் தூங்கியிருப்பேன்!" என்றது மருதாயி.

அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. வளைக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. குட்டிகள் தாயின் வயிற்றில் முட்டி முட்டிப் பால் குடித்தன.

வீரணன் திருந்தியதா என்று கேட்டால், மறு வாரமே மருதாயியின் கட்டைக் காப்பியடித்து நண்டோடு ஆடித் தோற்றதாம். மண்புழுவைத் திருப்பி அனுப்பிவிட்டதாகக் கேள்வி!

பிறர் சேர்த்துவைத்த கட்டை எடுத்து ஆடுவதில் தவறில்லை. அதில் ஒவ்வொரு சீட்டும் எதற்காக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் ஆடுவதுதான் தவறு.